இட்லிப்பூச் செடிக்கு என்ன வருகிறது, ஏன் வருகிறது: மருந்துக்கு முன் மண்ணையும் எறும்பையும் பாருங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் ஓரமாக நீண்டு செல்லும் இட்லிப்பூ வேலியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். சிமெண்டு வடிகாலை ஒட்டி நிற்கும் செடிகளின் கொழுந்துகள் மஞ்சளாக வெளிறியிருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி, புல்தரைப் பக்கம் நிற்பவை கரும்பச்சையாக இருக்கும். எல்லாம் ஒரே நாளில் நட்டவை. மழையும் வெயிலும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நோய்க்கிருமி இப்படிக் கோடு கிழித்தாற்போல் ஒரு பக்கத்தை மட்டும் தாக்காது. இருந்தும் மஞ்சள் இலையைக் கண்டதும் பலர் முதலில் தேடுவது பூச்சிமருந்துப் புட்டியைத்தான்.

வெட்சி, தெட்சி, இட்லிப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்தச் செடியின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும். இது காப்பிச் செடியின் குடும்பம். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காப்பித் தோட்டத்தைப் படுத்தும் செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் இட்லிப்பூவையும் விரும்பித் தின்னும். புளிப்பு மண், நல்ல வடிகால், நேரடி வெயில் ஆகிய மூன்றும் இருந்தால் பெரிதாகப் பராமரிப்பு கேட்காத செடி இது. சிங்கப்பூரின் இயற்கை மண் புளிப்பானதுதான். ஆண்டு மழையும் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் கட்டடத்தை ஒட்டிய மண் இயற்கை மண் அல்ல. கட்டுமானத்தின்போது கொட்டிய கலவையும் உடைந்த சிமெண்டுத் துண்டும் கலந்த நிரப்பு மண் அது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருப்பதால் செடி எப்போதும் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. குளிர்நாட்டில் பூச்சிகளுக்குப் பட்டினிக் காலம் என ஒன்று உண்டு. இங்கே அது கிடையாது.

மருந்தைத் தொடும் முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: மஞ்சள் கொழுந்தில் இருக்கிறதா, முதிர்ந்த இலையில் இருக்கிறதா?

செடிக்குள் இரும்பு இடம் மாறாது. பழைய இலையில் இருக்கும் இரும்பை எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. எனவே இரும்பு கிடைக்காதபோது முதலில் வெளிறுவது கொழுந்துதான். நரம்புகள் பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் தெரியும். முற்றினால் இலை முழுவதும் வெள்ளையாகி விளிம்பு கருகும். பொட்டாசியமும் பாஸ்பரசும் மெக்னீசியமும் அப்படியல்ல. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் பாதிப்பு அடி இலைகளில் தெரியும். இட்லிப்பூவில் இது ஏமாற்றும் வடிவத்தில் வருகிறது: முதிர்ந்த இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் விழும். பார்ப்பவர்கள் பூஞ்சை நோய் என்று முடிவுகட்டித் தாமிர மருந்து அடிப்பார்கள், பயன் இருக்காது. பூஞ்சைப் புள்ளிக்கு வழக்கமாகத் தெளிவான விளிம்பு உண்டு. நடு காய்ந்து சுற்றிலும் கரையோ மஞ்சள் வளையமோ இருக்கும். பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைவால் வரும் புள்ளிக்கு விளிம்பு மங்கலாக இருக்கும். அடி இலைகளில் கூட்டமாக வரும். மேல் இலைகளில் இராது. மணற்பாங்கான மண்ணில் நம் மழை பொட்டாசியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மெதுவாகக் கரையும் உரத்தில் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) குறையாமல் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இது தானே அடங்கும். ஏற்கெனவே புள்ளி விழுந்த இலை பழைய நிறத்துக்குத் திரும்பாது. புது இலைகள்தான் சுத்தமாக வரும்.

இரும்பு இருந்தும் கிடைக்காத மண்

கொழுந்து வெளிறினால் மண்ணில் இரும்பே இல்லை என்று பொருள் இல்லை. இந்த ஊர்ச் செம்மண்ணில் இரும்பு நிறைய இருக்கிறது. சிக்கல் பிஎச் அளவில், அதாவது மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்ணில்: 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும். சிமெண்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு மழைநீரில் கரைந்து பக்கத்து மண்ணில் இறங்குகிறது; அங்கே சுண்ணமாகப் படிகிறது. பிஎச் 7-ஐத் தாண்டியதும் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். வேர் பக்கத்திலேயே இருந்தும் உறிஞ்ச முடியாது. இட்லிப்பூவுக்கு ஏற்றது 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட அளவு.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். தொட்டியிலோ வேலியடியிலோ 10 செ.மீ. ஆழத்திலிருந்து மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் கழித்துத் தெளிந்த நீரில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். இரண்டு உலோகக் கம்பி நீட்டிய மலிவுக் கருவிகளை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஈரத்தைத்தான் அளக்கின்றன. இன்னொரு சோதனை: காய்ந்த மண்ணில் நான்கு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது.

நுரைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி பிரியும். நுரைக்காமல் பிஎச் மட்டும் 7-ஐ ஒட்டியிருந்தால் கந்தகத் தூள் போதும். 30 செ.மீ. தொட்டிக்கு 5 கிராம், மேல்மண்ணில் கலந்துவிட வேண்டும். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பொறுமையிழந்து இன்னொரு கரண்டி போட்டால் வேர் கருகும். நுரைத்தால் கந்தகம் வீண். கரைந்த சுண்ணாம்புக்கு ஈடாகப் புதுச் சுண்ணாம்பு வந்துகொண்டே இருக்கும். தொட்டி என்றால் மண்ணை மாற்றுங்கள். தரை என்றால் செலேட் வடிவ இரும்புதான் வழி; கரிமப் பொருளோடு பிணைத்து, மண்ணில் கரைந்த நிலையிலேயே இருக்கும்படி செய்த இரும்பு அது. அதிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை பிஎச் 6.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். டிடிபிஏ வகை 7-ஐச் சற்றுத் தாண்டும். ஈடிடிஎச்ஏ வகை 9 வரை வேலை செய்யும். கருஞ்சிவப்புத் தூளாக இருக்கும், விலையும் கூடுதல். சிமெண்டுச் சுவர் ஓரத்துக்கு மற்ற இரண்டையும் வாங்கினால் காசு தண்டம். 30 செ.மீ. தொட்டிக்கு 2 கிராமை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றலாம். இந்த வகை வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பதால் இலையில் தெளிக்கக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் வரும் புதுக்கொழுந்து பச்சையாக இருந்தால் கணிப்பு சரி.

உடனடிப் பலன் வேண்டுமென்றால் இலைவழித் தெளிப்பு உண்டு: லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம். மாலையில் தெளிக்க வேண்டும். அளவு கூடினால் இலை கரும்புள்ளியாக எரியும். தாழ்வாரத்தில் தெளிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தரை ஓட்டில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், எளிதில் போகாது. கீழ்வீட்டுக்காரர் கழியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் பட்டால் விவகாரம்தான். தெளிக்கும்போது செடிக்குப் பின்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளின் கைவைத்தியம் பல நேரம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. முட்டை ஓட்டுத்தூளும் சாம்பலும் பிஎச்சை ஏற்றும். கறிவேப்பிலைக்குப் போடுவதை இட்லிப்பூவுக்கும் போட வேண்டாம். வடித்த காப்பித்தூள் மண்ணைப் புளிப்பாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தண்ணீரில் வடித்தபோதே அமிலத்தின் பெரும்பகுதி போய்விட்டது; மிச்சத் தூள் கிட்டத்தட்ட நடுநிலைதான். தடிமனாகப் போட்டால் மேலே பாளம் கட்டித் தண்ணீர் இறங்காது. வினிகர் கலந்த தண்ணீர் ஓரிரு நாள் பிஎச்சைக் குறைத்துக் காட்டும்; அதற்குள் மெல்லிய வேர்களையும் சுடும். உரத்தில் அமோனியம் சல்பேட் மெதுவாகப் புளிப்பேற்றும் தன்மை கொண்டது. லிட்டருக்கு 1 கிராம் வீதம் மாதம் ஒருமுறை கொடுத்து வருவது எல்லாக் கைவைத்தியத்தையும்விட மேல்.

தொட்டி மண் இறுகினாலும் இதே மஞ்சள் வரும்; காற்றில்லாத வேர் இரும்பை உறிஞ்சாது. இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள், தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் டெங்கிக் கொசுவுக்காகச் சொல்லிவருகிறது. இட்லிப்பூவின் வேருக்கும் அதுவே நல்லது.

எறும்பு ஏறினால் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இலை மேல் கரி பூசியதுபோல் கருமை படர்ந்திருந்தால் அது கரும்பூசணம். இலையைத் தின்னாது, விரலால் தேய்த்தால் உரிந்து வரும். அது வாழ்வது சாறுண்ணும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கழிவில். எனவே கருமை தெரியும் இலைக்கு மேலுள்ள கிளைகளின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். குற்றவாளி அங்கே இருக்கும். பூஞ்சைக்கொல்லி அடிப்பது இங்கே சுத்தமாக வீண்.

இட்லிப்பூவில் அதிகம் காணப்படுவது காப்பியின் பச்சைச் செதில் பூச்சி. 3 மி.மீ. நீளம், தட்டையான முட்டை வடிவம், வெளிர்பச்சை நிறம். முதுகின் நடுவே கறுப்புப் புள்ளிகள் வளைந்த கோடாகத் தெரியும்; உருப்பெருக்கி இருந்தால் சந்தேகமே வராது. இலையின் நடுநரம்பு ஓரமாகவும் இளந்தண்டிலும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் துணையில்லாமலே பெருகும் என்பதால் ஒரே ஒரு தாய்ப்பூச்சி தப்பினாலும் போதும், ஒரு கூட்டம் உருவாகிவிடும். இதன் உறவான அரைக்கோளச் செதில் பூச்சி பழுப்பு நிறத்தில், பளபளப்பான தலைக்கவசம்போல் குவிந்திருக்கும். மாவுப்பூச்சி பூங்கொத்தின் காம்பிடுக்கிலும் இலைக் கக்கத்திலும் வெள்ளைப் பஞ்சாகக் குவியும். அசுவினி குருத்திலும் மொட்டுக் கூட்டத்திலும் மட்டும். முதிர்ந்த இலைக்கு வராது.

இவை அனைத்தையும் காப்பது எறும்பு. இனிப்புக் கழிவு கிடைக்கிறது என்பதற்காக, பூச்சிகளைத் தாக்க வரும் பொறிவண்டுகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் எறும்பு விரட்டுகிறது. எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடித்தால் ஒரு மாதத்தில் அதே நிலைக்குத் திரும்பிவிடும். சிறு கறுப்பெறும்புகளுக்கு இரைநீர் நன்றாக வேலை செய்கிறது: 100 மில்லி தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து, எறும்புச் சாரை அருகே விடுங்கள். மருந்தைக் கூட்டினால் வேகமாகச் சாகும் என்று நினைத்து 5 கிராம் போடுபவர்கள் உண்டு. வேலைக்கார எறும்பு புற்றுக்குத் திரும்பும் முன்பே செத்துவிடும். ராணிக்கு மருந்து போகாது. புற்று அப்படியே இருக்கும். குறைந்த அளவு, இரண்டு வாரம், டப்பாவை நிரப்பிக்கொண்டே இருப்பது, இதுதான் முறை. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சுவரையும் கைப்பிடிக் கம்பியையும் பக்கத்துத் தொட்டியையும் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் எறும்புக்கு அதுவே பாலம்.

இலைகளைத் தைத்துக் கூடுகட்டும் முசுறு வேறு ரகம். இங்குள்ள மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்கள். செதில் பூச்சியைப் பாதுகாத்தாலும் புழுக்களை வேட்டையாடிச் செடியைச் சுத்தமாகவும் வைத்திருக்கும். ஆள் நடமாட்டமில்லாத தரை வேலியில் இருந்தால் விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. குழந்தைகள் விளையாடும் ஓரத்தில் இருந்தால் மட்டும் கூட்டோடு கிளையை வெட்டிப் பையில் கட்டி அகற்றலாம்.

எறும்பு அடங்கிய பிறகு பூச்சி. அசுவினிக்கு மருந்தே வேண்டாம்; குழாய்த் தண்ணீரை வேகமாக இரண்டு மூன்று நாள் பீய்ச்சினால் உதிரும். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி. செதில் பூச்சி மொய்த்த தண்டை முதலில் வெட்டி எறியுங்கள். மருந்து பாதியாகக் குறையும். மிச்சத்துக்கு எண்ணெய்: தோட்டக்கலை வெள்ளை எண்ணெய் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி. வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லியுடன் 1 முதல் 2 மில்லி பொட்டாசியம் சோப்புக் கரைசல். வெதுவெதுப்பான நீரில் முதலில் சோப்பு, பிறகு எண்ணெய், பிறகு நன்றாகக் குலுக்கல். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். எண்ணெய் கொல்வது பூச்சியின் சுவாசத் துளையை அடைத்துத்தான். படாத பூச்சி சாகாது என்பதால் இலையின் அடிப்பக்கம் நனைவதே முக்கியம். மேலே மட்டும் தெளிப்பது தெளிக்காததற்குச் சமம். தாயின் வயிற்றடியில் ஒளிந்திருக்கும் குஞ்சுகள் முதல் தெளிப்பில் தப்பும். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தேவை. வெயில் தணிந்த மாலையில், முன்கூட்டியே தண்ணீர் ஊற்றிய செடியில் தெளியுங்கள். வாடிய செடியில் உச்சிவெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். எண்ணெய் பட்ட பூ கறைபடும். பூசைக்குப் பறிப்பவர்கள் கொத்துகளை முன்னதாகவே வெட்டிவிடட்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மலிவுதான், ஆனால் இலையின் மெழுகுப் படலத்தை அரித்துவிடும்.

மருந்து வேலை செய்ததா என்று தெரிய நகத்தால் ஒரு செதிலைச் சுரண்டுங்கள். ஈரமாக நசுங்கினால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த தவிடாக உதிர்ந்தால் செத்துவிட்டது. செத்த செதில்கள் பல வாரம் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் கண்ணால் மட்டும் பார்த்து மறுபடி மருந்தடிக்க வேண்டாம். மழைக்காலத்தில் சில செதில்களைச் சுற்றி வெண்பஞ்சு வளையம் தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள்: அது செதில் பூச்சியைக் கொல்லும் பூஞ்சை. அந்த நேரத்தில் பூஞ்சைக்கொல்லி தெளித்தால் இலவச வேலையாளை நாமே விரட்டிவிடுவோம். அதேபோல் மாவுப்பூச்சிக் கூட்டத்தில் பெரிதாக, வேகமாக ஊரும் வெள்ளைப் புழு மாவுப்பூச்சியாக இராது. அவற்றைத் தின்னும் பொறிவண்டின் இளம்புழுவாக இருக்கக்கூடும். மாவுப்பூச்சி இவ்வளவு வேகமாக நகராது.

வேர்வழியே உறிஞ்சப்படும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லிக் குறுணை எளிய தீர்வாகத் தோன்றும். இட்லிப்பூவுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆண்டு முழுவதும் பூக்கும் செடி இது. மருந்து பூந்தேனுக்கும் போகும். அந்தத் தேனுக்குத்தான் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வருகின்றன. போதாததற்கு, இந்த மருந்து போட்ட செடிகளில் சிலந்திப்பேன் பெருகுவதும் உண்டு.

சிறிய தொல்லைகள்

புது இலை சுருண்டு வெள்ளிப் பூச்சாகத் தெரிந்தால் இலைப்பேன். குருத்தை வெள்ளைத் தாள்மீது தட்டினால் மெல்லிய கோடுபோல் ஓடும். புது இலை குறுகி, தடித்து, கீழ்நோக்கி வளைந்து, ஆனால் எந்தப் பூச்சியும் கண்ணில் படவில்லை என்றால் அகலச் சிலந்திப்பேனைச் சந்தேகிக்கலாம், அது 0.2 மி.மீ. அளவே இருக்கும். நுனியை 10 செ.மீ. வெட்டி அகற்றி, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளியுங்கள். ஆனால் எண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் கூடாது; இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். பிப்ரவரி போன்ற வறண்ட வாரங்களில் தாழ்வாரத் தொட்டிகளில் செஞ்சிலந்தி வரும், தண்ணீர் பீய்ச்சினால் குறையும். குச்சியும் இலைத்துணுக்கும் ஒட்டிய பையைச் சுமந்து தொங்கும் பைப்புழுவைக் கையால் பிடுங்கி எறிவதே போதும். பை மருந்தைத் தடுத்துவிடும்.

மழைமாதப் புள்ளிகள்

நவம்பர் முதல் ஜனவரி வரை இலை மணிக்கணக்கில் நனைந்தே இருக்கும். அப்போது ஆந்த்ராக்னோஸ் வகைப் பூஞ்சைகள் விளிம்பிலும் நுனியிலும் பழுப்புத் திட்டாகத் தொடங்கி வளையம் வளையமாக விரியும். அடர்ந்த வேலியின் உட்புறத்தில்தான் ஆரம்பம். பழைய தண்டுகளில் நாலில் ஒன்றை அடியோடு எடுத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுங்கள். தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலான செடிகளுக்கு இவ்வளவே போதும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். அது புது இலையைக் காக்குமே ஒழியப் பழைய புள்ளியை ஆற்றாது.

ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட்டுப்போல் மேலெழுந்த வட்டங்கள் பூஞ்சை அல்ல, பாசி. தேயிலைத் தோட்டத்தில் செந்துரு என்று பெயர். நிழலும் ஈரமும் சத்துக்குறைவும் சேர்ந்த செடியில் வரும். தண்டில் சாம்பல்பச்சைத் திட்டாகப் படியும் லைக்கன் நோயே அல்ல. செடி மெதுவாக வளர்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

பூக்கவில்லை என்ற புகாருக்கும் நோய்க்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. மொட்டு கிளை நுனியில்தான் உருவாகிறது. வேலியைச் சதுரமாக வைத்திருக்க அடிக்கடி இயந்திரத்தால் வெட்டினால் மொட்டும் சேர்ந்தே போகும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் தளிர்க்கும் மென்குருத்து அசுவினிக்கு விருந்து. அதோடு தழைச்சத்து உரமும் போட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு பூப்பு முடிந்ததும் கவாத்து செய்து அடுத்த பூப்பு முடியும் வரை விட்டுவிடுவதே சரி. கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி விட வேண்டும் என்ற விதிக்காகத் தொட்டிகளை இலையோடு இலை உரசச் சுவரோரம் நெருக்கி வைக்கிறோம். செதில் பூச்சியின் குஞ்சு நடந்தே அடுத்த செடிக்குப் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்து ஒரு சாண் இடைவெளி விடுவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

வேரில் இருந்தால்

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். அழுகியதை வெட்டி, அதே அளவு இலையையும் குறைத்து, புதுக் கலவையில் மாற்றி நட்டுப் பார்க்கலாம்: இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு பெர்லைட் அல்லது பியூமிஸ் கல். சுட்ட மண் மட்டும் நிரப்பிய தொட்டிகளில் இந்தச் சிக்கல் கூடுதல். புதிதாக இருக்கும்போது நன்றாக வடியும், நாளாக நாளாகப் பொடிந்து களியாகும்.

வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இட்லிப்பூ இதற்கு எளிதில் இரையாகும் செடி. மேலே தெரியும் அறிகுறி எதையும் தெளிவாகச் சொல்லாது: வளர்ச்சி நின்றிருக்கும், நண்பகலில் வாடும், உரத்துக்கு அசையாது, இரும்பு கொடுத்தாலும் மஞ்சள் போகாது. செலேட் சரியாகக் கொடுத்தும் இரண்டு மாதத்தில் பலனில்லை என்றால் வேரைத் தோண்டிப் பார்ப்பது கட்டாயம். முடிச்சு வேரோடு ஒன்றியிருக்கும். கழுவினாலோ கிள்ளினாலோ தனியாக வராது. தொட்டியில் இதைக் குணப்படுத்தும் வீட்டு மருந்து எதுவும் இல்லை. மண்ணைத் தொடாத உயரத்திலிருந்து 10 முதல் 12 செ.மீ. குச்சிகளை வெட்டிப் புதுக் கலவையில் வேர்பிடிக்க வையுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்கோ சமூகத் தோட்டத்துக்கோ கொடுத்துவிடாதீர்கள். கட்டிக் குப்பையில் போடுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தரையில் என்றால் மட்கிய உரத்தைத் தாராளமாகச் சேர்ப்பதும், இடத்தைக் காலிசெய்து செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர்ப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கும். நாலு செண்டுமல்லியை ஓரத்தில் நடுவது அழகுக்கு மட்டுமே.

வேலியில் ஒரு செடி பட்டுப்போய், சில மாதத்தில் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது என வரிசையாகப் போனால் அது தனி ரகம். பட்ட செடியின் வேர்க்கழுத்தைத் தோண்டுங்கள். மண்ணும் பொடிக்கல்லும் இறுக ஒட்டிய பழுப்பு உறை வேரைச் சுற்றியிருந்தால் பழுப்பு வேரழுகல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இதன் பூஞ்சைக்கு 1932-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ. ஜே. எச். கார்னர். அது 200-க்கும் மேற்பட்ட மரஞ்செடி வகைகளைத் தாக்கும். வேரோடு வேர் தொட்டுப் பரவும். செத்த வேர்த்துண்டில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். தாமிர மருந்தும் வேப்பம்புண்ணாக்கும் இதனிடம் எடுபடாது. பட்ட செடியோடு இருபுறமும் அடுத்திருக்கும் செடியையும் வேரோடு எடுத்து, வேர்த்துண்டு விடாமல் பொறுக்கி, அந்த இடத்தில் மரஞ்செடி எதையும் உடனே நடாமல் விட வேண்டும். பொது இடத்து வேலி என்றால் நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள். பக்கத்தில் நிழல்மரம் இருந்தால் தாமதிக்காதீர்கள், அந்த மரத்தின் வேருக்கும் அது போகும்.

வடிகாலோரச் செடிக்கு ஆண்டுக்கு நான்கு முறை செலேட் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரிலிருந்தும் வடிகாலிலிருந்தும் ஒரு மீட்டருக்குள் இட்லிப்பூவைத் தவிர்த்து, அங்கே சுண்ணாம்பு மண்ணைப் பொறுக்கும் அரளியையோ காகிதப்பூவையோ வைப்பது மலிவு. அரளி நச்சுச்செடி என்பதால் குழந்தைகள் புழங்கும் இடமென்றால் காகிதப்பூ. இட்லிப்பூவை உள்வாங்கிப் புல்தரைப் பக்கம் நடுங்கள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடமாகப் பார்த்து.